கைப்பட்டைக்குத் தெரிந்தவள்

...சரி, இப்போது என்ன செய்வது, எட்டடிக்க நான்கு நிமிடம், மருந்துக் கிடங்கின் கதவு முன்னால் நான் மட்டும் நிற்கிறேன், மணிக்கட்டில் என் தங்கையின் கைப்பட்டை, என்னுடையது கைப்பைக்குள்... தங்கை என்ன பெரிய தங்கை, ஏழு நிமிடம் பிந்திப் பிறந்தவள், காரியம் ஆக வேண்டுமென்றால்தான் நான் அக்கா, மற்ற நேரமெல்லாம் 'ஏய்'. இன்று காலை போனில் அக்காதான். பேருந்து பாலத்து மேல் நிற்கிறதாம், ஏற்கெனவே இரண்டு தாமதம், மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும், அவளுடைய பட்டை வாசலறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், எடுத்துக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை கதவைத் தாண்டிவிட வேண்டுமாம், அவள் வந்ததாகப் பதிவாகிவிடுமாம். எனக்கு வேலை ஒன்பதுக்குத்தான், ஆனால் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாலேயே வந்து நிற்பது என் பிறவிக் குணம். மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியுமே என்றேன். "நம்மள பெத்தவளுக்கே தெரியல, இந்தப் பட்டைக்கா தெரியப் போகுது அக்கா?" என்றாள்.

பெற்றவளுக்கே தெரியவில்லை, அது என்னவோ உண்மை. இருமலுக்கு எனக்கே இரண்டு தடவை மருந்து கொடுத்துவிட்டு, அவளுக்குக் கொடுக்காமல் விட்டவள்தானே அம்மா, நான் மூன்று வேளை தூங்கினேன், அவள் விடிய விடிய இருமினாள். அவள் பேசியதற்கு வகுப்பில் நான் அடி வாங்கினேன், அவளுக்காகக் கணக்குப் பரீட்சை எழுதினேன், எனக்காக அவள் ஓட்டப் பந்தயம் ஓடிப் பரிசு வாங்கினாள்... என் வீட்டுக்காரர் ஒருநாள் சமையலறையில் அவள் முதுகைப் பார்த்து நான் என்று நினைத்துக் கால்மணி நேரம் என்னைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறார், அவள் வாயைத் திறக்கவில்லை, கள்ளி. எல்லாம் சிரிப்புதான். ஆனால் அலமாரியில் ஒரு புகைப்படம் இருக்கிறது, தொப்பி போட்ட ஒரே ஒரு குழந்தை, இது நானா அவளா என்று அம்மாவிடம் கேட்டேன். "யாரா இருந்தா என்னடி, ரெண்டும் என் பொண்ணுதானே" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஏன் அழுகை வந்தது?

இதற்கு முன் கதவில் முகம் பார்க்கும் கேமரா இருந்தது, அதை நாங்கள் எத்தனை தடவை ஏய்த்திருப்போம், கணக்கே இல்லை. பட்டை வந்தபோது சொல்லிக்கொடுக்க வந்த பெண் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மேடு, ஒரு பள்ளம், ஓடினாலும் அழுதாலும் வேகம்தான் மாறும், மேடுபள்ளத்தின் உருவம் மாறாது, ஒருவருடையதுபோல இன்னொருவருக்கு இருக்காது என்றாள். இரட்டையருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை, நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் நான் பார்க்காத, யாரும் பார்க்காத இடத்தில் எனக்கென்று ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கிறது, நாற்பத்தோரு வருடமாக, அதைப் படிக்க இந்தச் சுண்டுவிரல் அகலப் பட்டையால் முடிகிறது! இன்னொன்றும் சொன்னாள், இரண்டு முறை மறுத்தால் யாருக்கும் தெரியாது, விரல் சரியாகப் படவில்லை என்று விட்டுவிடும், மூன்றாவது முறையும் மறுத்தால் மேற்பார்வையாளர் மேசையில் மணி அடிக்கும்.

வலது கை விரலைப் பட்டையின் உலோகப் பொட்டில் வைத்தேன். நெஞ்சு திக்திக்கென்றது, அடித்துக்கொள்ளட்டும், வேகம் முக்கியமில்லையே... பச்சைப் புள்ளி சுற்றியது, சுற்றியது, சிவந்தது. 'இவர் அவரல்ல.' ஐயோ, அவள் வேலை என்று பதற வேண்டியவள் நான், பதறினேன்தான், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று வந்ததே, கழுத்து வரைக்கும் குளிர்ந்ததே, அது என்ன? விரலைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறை வைத்தேன். 'இவர் அவரல்ல.' அம்மா சொல்லாதது, கட்டியவர் சொல்லாதது, சிணுங்காமல் தயங்காமல் இரண்டு தடவை சொல்லிவிட்டது. கெட்டிக்காரப் பட்டை. இதோடு கழற்றிவிட வேண்டும், தாமதம் என்று விழுந்தால் விழட்டும், பேருந்தைச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம், ஒரு சின்னப் பொய்யும் வெளியே வராது... கழற்ற வேண்டும் என்றுதான் கொக்கியில் கையை வைத்தேன்.

அந்த விரல் எப்படிப் பொட்டுக்குப் போயிற்று?

உள்ளே எங்கேயோ மணி அடிக்கிறது. வாசலில் அவள், தலை கலைந்து, பாலத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறாள், ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, எட்டாக இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது, இரண்டு முறையோடு நிறுத்தியிருந்தால் பட்டையை அவள் கையில் கொடுத்திருக்கலாம், அவளே திறந்து உள்ளே போயிருப்பாள். "என்னாச்சுக்கா, திறக்கலையா?" என்கிறாள், இரைக்கிறது. திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும், மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும், மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் நெருங்கி வருகிறது, என் முகத்தையே பார்க்கிறாள் அவள், அதே முகத்தை, அதில் இந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது.