ஒரு மூடி வினிகர்

நல்லூரில் கமலாம்பாள் வீட்டுச் சமையலறைக்கு அந்தப் பாத்திரங்கள் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீரே ஊற்றாமல் காய் வேகிற பாத்திரம். கனத்த எவர்சில்வர், மூடியின் குமிழில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை. காயைக் கழுவிய ஈரத்தோடு உள்ளே போட்டு மூடி, அடுப்பை நடுத்தரமாக வைக்க வேண்டும். குமிழ் கிணுகிணு என்று ஆட ஆரம்பித்ததும் தீயைச் சிம்முக்கு இறக்கிவிட வேண்டும். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. காய் தன் நீரிலேயே வெந்துவிடும் என்று விற்க வந்த ஆஷா சொன்னாள், வெந்தது. அந்த விலைக்கு ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கியிருக்கலாம் என்று மகன் சசிகுமார் முனகினான். வேலம்பாளையத்தில் நாற்பது மெஷின் ஓடுகிற பனியன் யூனிட் அவனுடையது. ஆனாலும் அம்மாவிடம் முனகத்தான் முடியும்.

அந்த வீட்டில் எட்டு வருடமாகச் சமைப்பவள் செல்லத்தாய். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து புருஷன் முனீஸோடு பிழைக்க வந்தவள். முனீஸுக்குத் துணி வெளுக்கிற பட்டறையில் வேலை. குடியிருப்பது கமலாம்பாள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில். ஒரே மகள் ஜோதிகா, பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். செல்லத்தாய் அதற்கு முன்னால் பத்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்று, காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகுதான் சமையலுக்கு வந்தாள். மகள் அப்படி நிற்கக் கூடாது, ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். சசிகுமாரின் ஆபீஸில் பில் போடுகிற இடம் அப்போது காலியாகியிருந்தது.

"ஞாயித்துக்கெழமெ உன்ற புள்ளையக் கூட்டியா. நாஞ் சொன்னா எம் பையன் தட்ட மாட்டான்" என்று கமலாம்பாளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஆஷா மறுபடி வந்து, உறவுக்காரப் பெண்கள் பதினைந்து பேருக்கு முன்னால் சமைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. கமலாம்பாள் தெருத்தெருவாகச் சொல்லி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை அவளே பீட்ரூட்டை நறுக்கிப் போட்டு, தீயை முழுசாகத் திருகிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு முன்ஹாலுக்குப் போனாள். சம்பந்தியம்மாளோடு அரைமணி நேரம் பேச்சு. செல்லத்தாய் பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தீய்ந்த நெடி வந்து அவள் ஓடியபோது பீட்ரூட் கரியாகியிருந்தது. கரியை ஊறவைத்துக் கழுவிவிட்டாள். அதற்கடியில் இருந்ததுதான் போகவில்லை. ஈர ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அதுபோல நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாக ஒரு திட்டு.

உங்கள் வீட்டில் இது வந்தால் பயந்துவிடாதீர்கள், கண்ணுகளா. அது கறையே இல்லை. அதிகச் சூட்டில் எவர்சில்வர் காட்டுகிற நிறம். ஒரு மூடி வினிகரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். செல்லத்தாய்க்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. இல்லை, இருந்தாள். அதைச் சொல்கிறேன்.

"என்ன புள்ளே இது?" கமலாம்பாள் பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நான் பொறத்தால கீர உருவிக்கிட்டிருந்தேம்மா. நீங்கதான..."

"நாந்தான்?"

செல்லத்தாய் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க மகாராணி. நாந்தான் என்னெ?"

"ஒண்ணுமில்லம்மா. நான் கவனிச்சிருக்கணும்."

"கவனிச்சிருக்கோணுமில்ல? எட்டு வருசமா என்ற ஊட்டுச் சோத்தெத் தின்னு கண்ணு மறைச்சுப் போச்சாக்கும். அத்தனை பொம்பளைகளுக்கு முன்னால இதெ எப்பிடி எடுத்து வெக்கறது? கம்பி நாரைப் போட்டீன்னா கீறல் உழுந்துரும். புளி, எலுமிச்சம்பழமுன்னு உங்கூரு வைத்தியமெல்லாம் பித்தளைக்கு வெச்சுக்க. ஞாயித்துக்கெழமெ காத்தால இது கண்ணாடியாட்டம் இருக்கோணும். இல்லாட்டி உன்ற புள்ளை ஆபீசுப் படியேற வேண்டாம். ஒரு சட்டி கழுவத் தெரியாதவ வயித்துல பொறந்தது பில்லு போட்டுக் கிழிச்சுருமா?"

புளியாவது போட்டிருந்தால் பாதி போயிருக்கும். அதையும் கமலாம்பாளின் வாயே அடைத்துவிட்டது.

மருமகள் தேஜஸ்ரீ சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரத்தோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் அவளிடம்தான் இருந்தது. வந்த அன்றே படித்தும் விட்டாள். மாமியார் அந்தப் பக்கம் நகர்ந்ததும் செல்லத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எம்மா, அந்தப் பொஸ்தவத்துல இதுக்கு ஏதும் வழி போட்டிருக்கா, பாத்துச் சொல்லுதீயளா?"

தேஜஸ்ரீ எட்டாம் பக்கத்தைத் திருப்பினாள். நிதானமாகப் பார்த்தாள். மூடினாள்.

"ஒண்ணும் போடலீங்க்கா. கேரண்டியப் பத்தித்தான் இருக்குது."

கெட்ட பெண் என்று அவளை நான் சொல்ல மாட்டேன். கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் சுடுகிற தோசை, அவள் எழுகிற நேரம், இன்னும் பெருக்காத வயிறு, இவைதான் தினமும் அந்த வீட்டின் பேச்சு. அன்று காலையிலிருந்துதான் மாமியாரின் வாய் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மூன்று நாள் அது அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தாள். நூடுல்ஸுக்கு வாங்கிய வினிகர் பாட்டில் அவள் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கச் செல்லத்தாய் பழைய பனியன் துணியில் திருநீற்றைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கை வலித்ததுதான் மிச்சம். சாயங்காலம் வீட்டில் சொல்லி அழுதாள். முனீஸ் சிரித்தான்.

"இதுக்கா அழுத? நான் பாக்காத கறையா? கிரீசு, மையி, துரு, ரத்தம், எங்க பட்டறைத் தண்ணிக்கு முன்னால எதுவும் நின்னது கெடையாது. கருப்புத் துணியே வெள்ளையாவுது, இந்த நீலம் எம்மாத்திரம்?"

"ஏட்டி, தைரியமா இரு. ஞாயித்துக்கெழம நம்ம புள்ள ஆபீசரு" என்று அவள் தோளைத் தட்டினான். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு தண்ணீர் பாட்டில் நிறைய வெளுப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தான். துணியோடேயே பிழைத்தவர்கள். கறை என்று ஒன்று இருந்தால் அதற்கு மருந்து ப்ளீச்சிங் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

சனிக்கிழமை மதியம் செல்லத்தாய் அதைப் பாத்திரத்தில் ஊற்றி, தட்டைப் போட்டு மூடிப் பின்கட்டில் வைத்தாள். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று எண்ணம். துணி காயப்போட வந்த தேஜஸ்ரீக்கு நெடி மூக்கில் ஏறியது. ப்ளீச் கூடவே கூடாது என்று அந்த எட்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செல்லத்தாய் தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே கையை விட்டாள். விரலுக்குச் சொரசொர என்றது. அம்மை வந்து ஆறிய முகம் போல அடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி, ஒவ்வொரு குழியிலும் துரு நிறம். நீலத் திட்டு அப்படியேதான் இருந்தது. துடைத்து, மற்றப் பாத்திரங்களுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போனாள். இன்றைக்கு ஒரு நாள் யாரும் அதைக் கேட்காமல் இருந்துவிட்டால் போதும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு ஜோதிகா வந்தாள். மடிப்புக் கலையாத சுடிதார், மார்போடு அணைத்த ஃபைல். "சமையக்கட்டு வாசல்ல நில்லு, சார் கூப்பிடுவாவ" என்று செல்லத்தாய் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். ஹால் நிறையப் பெண்கள். அவர்களை உட்காரவைக்கிற பரபரப்பில் கமலாம்பாள் காலையிலிருந்து அந்தப் பாத்திரத்தைக் கேட்க மறந்திருந்தாள். ஆஷா முட்டைக்கோஸையும் கேரட்டையும் தண்ணீர் விடாமல் வேகவைத்து ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள்.

"ஏனுங்க, தீ ஜாஸ்தியானா நீலம் பாஞ்சுக்குமாமே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது ஒரு விஷயமே இல்லீங்க" என்று ஆஷா தன் பையிலிருந்து நீலம் பாய்ந்த ஒரு சட்டியை எடுத்தாள். ஒரு மூடி வினிகர், ஒரு துணி, இரண்டு சுற்று. சட்டி பளிச்சென்று ஆனது. பெண்கள் அட என்றார்கள். தண்ணீர்த் தட்டோடு நின்ற செல்லத்தாய் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

கமலாம்பாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க. ஏ புள்ளே, அதெக் கொண்டா."

கொண்டுவந்தாள். ஆஷா உள்ளே பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னங்க, ஆசிட் ஊத்தினீங்களா? இனி இதுல சமைக்க முடியாதுங்க."

"துணி வெளுக்குத தண்ணிம்மா" என்றாள் செல்லத்தாய், கேட்டும் கேட்காத குரலில்.

"பனியன்னு நெனச்சுட்டா போல!" என்று மூலையிலிருந்து ஒரு குரல். ஹாலே சிரித்தது. கமலாம்பாளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, எட்டு வருடத்தில் ஒரு நாளும் கொடுக்காத மரியாதையோடு கூப்பிட்டாள்.

"ஏனுங்க செல்லத்தாயி, கொஞ்சம் முன்னால வாங்க. உங்க புள்ளையவுங் கூப்புடுங்க. கண்ணு, பி.காமுங்களா? இங்கிலீசு படிப்பீங்களா?"

"படிப்பேம்மா."

"அம்மிணி, அந்தப் பொஸ்தகத்தெ எடுத்தா."

தேஜஸ்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். எட்டாம் பக்கத்தை ஜோதிகா எல்லோருக்கும் கேட்கும்படி படித்து, தமிழிலும் சொன்னாள். வினிகரைச் சொன்னாள். ப்ளீச்சைச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. செல்லத்தாய் தேஜஸ்ரீயைப் பார்த்தாள். தேஜஸ்ரீ தன் புடவைக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேனே, இல்லையென்றார்களே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொந்தபந்தம் முன்னால் மருமகளைக் காட்டிக்கொடுத்தால் ஆபீஸ் வேலை நிச்சயமாகப் போய்விடும், வாயை மூடிக்கொண்டால் ஒருவேளை மிஞ்சும் என்று அவள் கணக்குப் போட்டாள். மூடிக்கொண்டாள்.

"நல்லாப் படிக்குது" என்றாள் கமலாம்பாள். "ஆபீசுக்கு வேற ஆளு பாத்துக்கலாம். இந்தப் புள்ளை நம்ம சமையக்கட்டுக்கு வரட்டும். ஆத்தாக்காரிக்குப் படிப்பு வாசனை இல்லாமத்தான சட்டி நாசமாப் போச்சு? படிச்ச புள்ளை பொஸ்தகத்தெப் பாத்துக் கழுவிப் பழகட்டும். லைன் ஊடு வேணுமில்ல? என்னுங்க செல்லத்தாயி, சரிங்களா?"

ஜோதிகா அம்மாவைப் பார்த்தாள். பதினைந்து பேரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள். மாடிப்படியில் நின்ற சசிகுமார் போனைப் பார்த்தான்.

செல்லத்தாயின் தலை தானாக ஆடியது.

"சரிங்கம்மா."

"அப்புறம் நாளைக்கென்ன, இன்னிக்கே ஆரம்பிக்கட்டும். தட்டுக் கெடக்குது பாரு கண்ணு."

ஜோதிகா ஃபைலைச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தொட்டியில் குழாயைத் திறந்தாள். பின்னாலேயே ஓடிவந்த செல்லத்தாய் ஒரு தட்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

மகள் திரும்பவில்லை.

"நீ எதையும் தொடாத" என்றாள்.