சாக்பீஸ் புகை

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பெத்லகேம் சத்திரக்காரன் பைப் பிடிப்பான். இது எந்த வேதாகமத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்ட ஒரே ஆயர் மறு வருடமே நாட்றம்பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றாலும் ஆம்பூரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

சத்திரக்காரன் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் ரிச்சர்ட். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை, கல்யாண வீட்டில் வெற்றிலை கொடுத்தால்கூட என் கையில் தள்ளிவிடுவார். ஆனால் டிசம்பர் வந்தால் போதும், பப்பாளித் தண்டையும் சின்னக் கொட்டாங்குச்சியையும் சேர்த்துக் கட்டி ஒரு பைப் செய்துவிடுவார். வகுப்பில் மிஞ்சிய சாக்பீஸ் துண்டுகளைத் தூளாக்கி அதற்குள் போடுவார். யோசேப்பும் மரியாளும் கதவைத் தட்டி இடம் கேட்பார்கள். இவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு முழுக்கதையையும் கேட்பார். பிறகு பைப்பில் ஒரு ஊது. வெள்ளைப் புகை எழும்பி யோசேப்பின் தாடியில் போய்ப் படியும். அதற்கப்புறம்தான் அவருடைய ஒரே வசனம்: "இடமில்லை." அந்தப் புகைக்காகவே பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நிற்கும்.

2002 ஏப்ரலில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். அந்தத் துளையைக் காலையும் மாலையும் துடைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி கட்டுவது என் வேலை. துணியை நானே தைத்தேன். பேச்சு போய்விட்டதால் சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டுவார். வாத்தியார் அல்லவா, பலகையிலும் முற்றுப்புள்ளி வைப்பார்.

பிழைத்துக்கொண்டார் என்று ஊரே சந்தோஷப்பட்டது. எனக்குத்தான் அது பாதி சந்தோஷமாக இருந்தது. மனிதர் வாசலைத் தாண்டவில்லை. சர்ச்சுக்கு வரவில்லை, பார்க்க வருகிறவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை. காப்பி கொடுத்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆடை படிந்து, பச்சைத் தண்ணீராக ஆறிய பிறகுதான் குடிப்பார்.

"சூடா குடிச்சா இன்னா கொறஞ்சா போய்டும்? போட்டு எடுத்தாந்து குடுக்கிறவளுக்கு ஒரு மரியாத வேணாமா?" என்று கத்துவேன். அவர் சிரிப்பார். எனக்கு வாய் ஜாஸ்தி. அவருக்கு அது எப்போதுமே கம்மி.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோவின் என்ற பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாலிபர் சங்கத்தில் நாடகத்தை நடத்துகிறவன் அவன்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, "இந்த வருசம் சத்திரக்காரனுக்கு வேற யாரையாச்சும் பாக்கலாம்னு இருக்கோம்க்கா" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன், அதுல இன்னா பெரிய வசனம் இருக்குது? தலையை ஆட்டுனா போதாதா? ஜனங்க வர்றது வசனத்துக்கா, புகைக்கா?"

"அண்ணன் வந்தா எங்களுக்குச் சந்தோசம்தான்க்கா."

"வருவாரு. நான் அடுத்த வாரம் ஜெர்மனி போறேன். பப்பாளித் தண்டெல்லாம் வேணாம், நெஜப் பைப்பே வாங்கியாந்துர்றேன்."

ரிச்சர்ட் என்னையே பார்த்தார். பலகை மடியில்தான் இருந்தது. ஒன்றும் எழுதவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மேடையில் அவர் ஒரு தடவை ஏறிவிட்டால் போதும், பிறகு சர்ச், பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்தேன்.

நான் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவள். புது சாம்பிள்களை வாங்குபவர்களிடம் காட்ட, ஏற்றுமதி பார்க்கும் குர்ஷித்தையும் என்னையும் அனுப்பினார்கள். புறப்படும் முன் ரிச்சர்டுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. நான் போனில் கேட்பேன், அவர் ரிசீவரில் விரலால் தட்ட வேண்டும். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு.

அங்கே வேலை முடிந்த மத்தியானம் குர்ஷித்தை இழுத்துக்கொண்டு பைப் கடை தேடிக் கிளம்பினேன்.

"இன்னா மேடம் நீங்க. வர்றவங்க எல்லாம் சாக்லேட் வாங்குவாங்க, சென்ட்டு வாங்குவாங்க. நீங்க போயி பைப்பு கேக்கறீங்க. ஊர்ல தெரிஞ்சா எனக்கில்ல பேஜாரு" என்று வழிநெடுக முணுமுணுத்தான்.

"தெரியட்டும். டிசம்பர்ல ஊருக்கே தெரியத்தான் போவுது."

கடை சின்னது. கதவைத் திறந்ததும் வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை. புகையிலை இப்படி மணக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சுவர் முழுக்கப் பைப்புகள், நீளம், குட்டை, வளைந்தது, நேரானது. என் வயதுடைய ஒரு பெண்மணி கல்லாவில் இருந்தார். புடவையும் ஸ்வெட்டருமாக நான் உள்ளே போனதைப் பார்த்து, வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

வளைந்த பைப் ஒன்றைக் காட்டினேன். எடுத்துத் துடைத்துக் கையில் தந்தார். எனக்கு உடனே தொழில் புத்தி வந்துவிட்டது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோலில் பூச்சிக்கடி இருந்தால் மெழுகு வைத்து அடைத்துச் சாயம் பூசி அனுப்புவார்கள், அதை நகத்தால் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பைப்பின் அடியில் நகம் ஓரிடத்தில் வழுக்கியது. மரத்தின் ஓட்டையில் ஏதோ அடைத்திருந்தார்கள்.

"ரிஜெக்ட்" என்றேன்.

குர்ஷித் தலையில் கைவைத்துக்கொண்டான். அந்த அம்மாள் சத்தமாகச் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் கணவர் எத்தனை வருடமாகப் பிடிக்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். பிடிக்கவே மாட்டார் என்றேன். அவர் விழித்தார். நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சத்திரக்காரனையும் யோசேப்பின் தாடியையும் சாக்பீஸ் தூளையும் விளக்கினேன். அந்த அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பைப்பின் கழுத்துக்குள் இருந்த வடிகட்டியை உருவி எடுத்தார். எல்லாரும் உள்ளே இழுப்பார்கள், உங்கள் ஆள் வெளியே அல்லவா ஊதுகிறார், இது இருந்தால் காற்று தடைபடும் என்றார். ஊதிப் பார்க்கச் சொன்னார். ஊதினேன். காற்று தடையில்லாமல் போனது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை ஊதினேன்.

கடைக்கு எதிரிலேயே டெலிபோன் பூத். பைப்பை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டதும் ஆரம்பித்தவள்தான், கடையின் வாசனை, ரிஜெக்ட் செய்தது, குர்ஷித் முகம் போன போக்கு, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கொட்டினேன். கடைசியில், "அப்ப வாங்கிரட்டுமாங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

அதன்பிறகு ஒரு தட்டுக் கேட்டது. இன்னொன்று வருமோ என்று காத்திருந்தேன், வரவில்லை. பூத்தை விட்டு வெளியே வந்தபோது நான் சின்னப் பெண்ணைப்போல நடந்தேன் என்று குர்ஷித் பிற்பாடு சொன்னான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பைப்பை எடுத்தேன். வெல்வெட் பையில் போட்டுத் தந்திருந்தார் அந்த அம்மாள். ரிச்சர்ட் வாங்கி, மரத்தைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார். நான் சாக்பீஸ் தூளை நிரப்பினேன்.

"ஊதுங்க. யோசேப்பு எதுத்தாப்ல நிக்கறாரு."

பைப்பை வாயில் வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் புருவம் மேலே போனது. எனக்கு அழுகை வந்தது, அத்தனை அச்சாக அதே சத்திரக்காரன். முழுக்கதையையும் கேட்பவர்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சை விரித்து ஊதினார்.

தூள் அசையவில்லை. கழுத்திலிருந்த வெள்ளைத் துணிதான் பொங்கி எழுந்து, திரும்பப் படிந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. பைப்பில்தான் ஏதோ அடைப்பு என்று வாங்கிப் பார்க்கக் கை நீட்டினேன். பாதியில் கை நின்றுவிட்டது. அவருடைய மூச்சு வாய்ப்பக்கம் வந்து ஆறு மாதமாகிறது. தினமும் இரண்டு வேளை அந்தத் துளையைத் துடைக்கிறவள் நான். வழி மாறிப்போன மூச்சுக்கு ஊர் தாண்டிப் போய், குறை பார்த்து, பைப் வாங்கி வந்திருக்கிறேன்.

அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். ஆச்சரியமில்லை அந்த முகத்தில். எனக்காகக் கவலைதான் இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

பக்கத்திலிருந்த காப்பி டம்ளரைக் காட்டினார். ஆடை படிந்து கிடந்தது. ஊதி ஆற்ற முடியாத மனிதர் அதை வேறு எப்படிக் குடிப்பார்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் மரியாதை, மண்ணாங்கட்டி என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுமா ஒரு தட்டு தட்டுனீங்க? ரெண்டு தட்டியிருந்தா நான் விட்டுட்டிருப்பேன் இல்ல?"

பலகையை எடுத்தார். நிதானமாக எழுதினார்.

'ஏப்ரலுக்குப் பிறகு நீ சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான்.'

அந்த முற்றுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி அழுதேன். அவர் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அதை எண்ண எனக்குத் தோன்றவில்லை.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தேன். விரலால் ஆடையை ஒதுக்கினேன். காப்பி எப்போதோ ஆறிப்போயிருந்தது. அப்படியும் உதட்டைக் குவித்து ஊதினேன். ஊதிவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.