சாராவின் கை

வாசு மறுபடியும் இரண்டு கால்களையும் வயிற்றோடு இழுத்துக்கொண்டு முக்கினான். முகம் கருஞ்சிவப்பானது. வாய் அகலத் திறந்தும் ஒரு கணம் சத்தமே வரவில்லை. அந்த ஒரு கணத்தில்தான் மங்கம்மாவின் உயிர் ஒவ்வொரு முறையும் போய்த் திரும்பியது. பிறகு அவன் வீறிட்டான். ஏழு மாதக் குழந்தை. ஐந்து நாளாக அவன் வெளிக்குப் போகவில்லை. வயிறு தவில் போல விறைத்திருந்தது.

மேல் வரிசைக் குடிசைகளில் தட்டிக் கதவுகளைப் பிரம்பால் தட்டும் சத்தம் கேட்டது. சோதனைக்காரர்கள். பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்த பிளேக் என்னும் கட்டிக்காய்ச்சல் பங்காருபேட்டையில் இறங்கி, தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸ் வரை வந்துவிட்டது என்றார்கள். அதனால் காயத்துக்குக் கட்டுப்போடும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவரும் இரண்டு தலைப்பாகைக்காரர்களும் வாரம் ஒருமுறை வீடு வீடாக வந்தார்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என மூன்று இடங்களில் அழுத்திப் பார்ப்பார்கள். தொடையைத் தொட்டதும் அலறுகிறவர்களுக்குத் தகரக் கொட்டகைதான். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தக் கொட்டகைக்குப் போனவர்களில் நடந்து திரும்பியவர்கள் குறைவு. வாசுவோ கால் மேல் துணி உரசினாலே அலறினான்.

அவள் அவனுடைய தொடையிடுக்கை நூறு முறை தடவிப் பார்த்துவிட்டாள். கட்டி இல்லை. நூற்றியோராவது முறை தடவியபோது இருப்பது போலவும் இருந்தது.

புருஷன் ராஜப்பா காலை ஷிப்டுக்கு இறங்கியிருந்தான். பூமிக்குள் ஆயிரம் அடி ஆழத்தில் இருப்பவனைக் கூப்பிட முடியாது. போன மாதம் தண்டோரா போட்டார்கள்: காய்ச்சாத தண்ணீர் ஆகாது. அன்றிலிருந்து பீப்பாய் வண்டித் தண்ணீரை அவள் பாம்பைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். விறகோ ஒரு வேளைச் சமையலுக்கே போதவில்லை. குழந்தைக்குக் கேழ்வரகு ஆரம்பித்த நேரம் அது. கூழ் கரைக்கத் தண்ணீர் நிறைய வேண்டுமே என்று களியாகவே கிண்டி, உருட்டி, பிசைந்து ஊட்டினாள். குடிக்க ஒரு சொட்டு கொடுக்கவில்லை. தானும் நாக்கு ஒட்டும்வரை குடிக்கவில்லை. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தாள்.

"மே மங்கம்மா. கதவத் தொற."

குரல் பின்பக்கத் தட்டியிலிருந்து வந்தது. எதிர்வரிசை சாரா. மங்கம்மாவின் கை குழந்தையின் மேல் இறுகியது. பத்து நாள் முன்னால்தான் சாரா கொட்டகையிலிருந்து திரும்பியிருந்தாள். மூன்று வயது மகள் டெய்சியோடு போனவள் தனியாக வந்தாள். அவள் நடந்த பாதையில் பெண்கள் சாம்பல் தூவினார்கள். தண்ணீர் வண்டியில் அவள் குடம் எப்போதும் கடைசி.

"வேணாக்கா. நீ போ."

"போறேன். புள்ள எத்தினி நாளா வெளிக்குப் போவல? அத்தச் சொல்லு."

மங்கம்மா திடுக்கிட்டாள். "உனுக்கு யாரு சொன்னது?"

"அழுவுற சத்தந்தான் சொல்லுது. முக்கி முக்கி அழுவுறான். கட்டி நோவுல அழுவுற புள்ள இப்பிடி அழுவாது." சாரா தட்டியோடு ஒட்டி நின்றாள். "என் டெய்சிக்குத் தொடையில வெறும் செரங்குதான்மே. தொட்டாங்க, கத்துனா, இட்டுக்கினு போய்ட்டாங்க. அங்க போயிதான் காய்ச்சலே வந்துச்சி."

பிரம்புச் சத்தம் இவர்கள் வரிசைக்குத் திரும்பிவிட்டது. தொட்டால் சாராவின் கையிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ? தொடாவிட்டால்? வாசு மறுபடி மூச்சடக்கினான். மங்கம்மா எழுந்து தட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.

சாரா உள்ளே வந்ததும் குழந்தையைத் தொடவில்லை. அடுப்புச் சாம்பலும் களிக்கு வைத்திருந்த வெந்நீரும் கேட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். மங்கம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஐயோ, வாயில ஊத்தாதமே! பொறை ஏறிடும். கேஜு நடு ஷாப்டுல மாட்டிக்கினு நிக்குது. நீ மேல இருந்து இன்னும் ஆள ஏத்துறியே."

சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டை நினைத்து, அந்த நேரத்திலும் மங்கம்மாவுக்குச் சிரிப்பு போன்ற ஒன்று வந்து அழுகையாக முடிந்தது.

அந்த வெந்நீரிலேயே கொஞ்சத்தை ஆற்றிச் சாரா பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். வாசு பாலாடையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு குடித்தான். அந்தத் தாகத்தைப் பார்க்கையில் மங்கம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது. சாரா உள்ளங்கையில் எண்ணெய் சூடு பறக்கத் தேய்த்து, தொப்புளைச் சுற்றி வட்டமாக நீவினாள். கால்களை மடக்கி நீட்டினாள், மடக்கி நீட்டினாள். பிறகு வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து, நுனியை மட்டும் ஆசனவாயில் மெதுவாக வைத்து எடுத்தாள்.

இரண்டு வீடு தள்ளி யாரோ இருமினார்கள். "வாயத் தொற" என்று அதட்டல் கேட்டது.

"வாடா ராசா," என்றாள் சாரா. அவள் கண் குழந்தையைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ இருந்தது. "வாடா, வெளிய வந்துடு."

வாசு முக்கினான். முதலில் ஆட்டுப்புழுக்கை போலக் கல்லாக இரண்டு. அதன் பின்னால் மற்றதெல்லாம். குடிசை நாறியது. மங்கம்மா அந்த நாற்றத்தைச் சாம்பிராணிப் புகை போல இழுத்து மூச்சு விட்டாள்.

"இனிமே கூழாக் கரைச்சு ஊட்டு. காச்சுன தண்ணி குடு. வெறகு இல்லாட்டி என்னுது எடுத்துக்க, நான் ஒருத்திதானே." சாரா வந்த வழியே போனாள். தட்டியின் கயிற்றை வெளியிலிருந்து அவளே கட்டினாள்.

முன்கதவு தட்டப்பட்டபோது வாசு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். மங்கம்மாவுக்கு இப்போது தூக்கமே பயமாக இருந்தது. இவ்வளவு துவண்டு கிடக்கலாமா? டிரஸ்ஸர் குனிந்து கழுத்தைத் தொட்டார், அக்குளைத் தொட்டார். தொடையிடுக்கில் விரலை வைத்து அழுத்தினார். குழந்தை உதட்டைச் சுழித்தான், அழவில்லை.

"இன்னாம்மா, ஒடம்பெல்லாம் எண்ணெ?"

"நான்தாங்க நீவுனேன், வெளிக்குப் போவல."

"யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லீங்க."

அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பிரம்புச் சத்தம் வரிசையின் கடைசிக்குப் போய், திரும்பி, எதிர்வரிசையில் ஆரம்பித்தது.

மங்கம்மா பழந்துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். குழந்தையின் வயிற்றில் சாராவின் கை அப்படியே பதிந்து மினுங்கியது, ஐந்து விரலும். துடைத்துவிட வேண்டும் என்று ஒரு மனது பதறியது. துணியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள். எதிரே சாராவின் கதவில் பிரம்பு விழுந்தது. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, தன் கையை அந்தத் தடத்தின் மேல் மெல்லப் பொருத்திப் பார்த்தாள். சாராவின் விரல்கள் நீளம். அந்த எண்ணெய்க்கு அடியில், குழந்தையின் மூச்சில், வயிறு மெத்தென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.