திருத்தியவர் ஒப்பம்

“பழைய கையெழுத்துல எழுதிட்டு வா” என்றான் கணவன்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் வாசலுக்கு வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றிருந்தாள் அவள். இன்னும் நாற்பது நிமிடத்தில் பள்ளியில் இருக்க வேண்டும்.

“எது பழைய கையெழுத்து?”

“கல்யாணத்துக்கு முன்னாடி எழுதுவியே, குண்டு குண்டா. அது.”

“அது போய்ப் பதினோரு வருஷம் ஆச்சுங்க. இப்பக் கூப்பிட்டா வந்துடுமா?”

“அப்ப எதுவும் எழுதாத. டிக் போடு, மார்க்கைப் போடு, கூட்டு, எழுந்து வந்துடு. ஓரத்துல வியாக்கியானம் வேணாம்.”

“யார் நல்லாத் திருத்தறாங்கன்னு பார்க்கத்தானே இந்தத் தேர்வே.”

“எல்லாரும் டிக்தான் போடுவாங்க. நீயும் போடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

பேசி முடிக்கும்வரை அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் செருப்போடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஊரில் ‘திருத்தல் புலி’ என்று பெயர். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர். மற்றவர்கள் திருத்திய விடைத்தாள் வீட்டுக்குப் போனால் பெற்றோர் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மகனைப் பார்ப்பார்கள். புலி சார் திருத்திய தாள் போனால் வீடே உட்கார்ந்து படிக்கும். ‘நாலாவது வரிவரை உன் வழி சரி. அங்கே ஒரு மைனஸ் வண்டியிலிருந்து விழுந்துவிட்டது. போய் எடுத்து வா’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். திட்டு கிடையாது, சுழியும் கிடையாது. ஒன்பது மதிப்பெண் வாங்கியவன், விழுந்ததை எடுக்கப் போய் அடுத்த தேர்வில் முப்பது வாங்கிக்கொண்டு வருவான்.

புலி சார் ஒரு தாளையும் திருத்தியதில்லை. திருத்தியது அவள்.

கல்யாணமான இரண்டாம் மாதமே, முதல் விடைத்தாள் கட்டை அவன்தான் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவளும் கணிதம் படித்தவள், ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். மருமகள் வேலைக்குப் போவது அந்த வீட்டுக்கு ஒத்துவராது என்று நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்த வேலைக்கு மட்டும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. கையெழுத்து வேறாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்றான். உட்கார்ந்து அவனுடைய எழுத்தைப் பழகினாள். ‘கெ’யின் கொம்பு, ‘ழ’வின் வால், ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஆறு மாதத்தில் மளிகைச் சீட்டுகூட அவன் கையெழுத்தில்தான் எழுத வந்தது. முதல் பக்கத்தில் ‘திருத்தியவர் ஒப்பம்’ என்ற கட்டத்தை மட்டும் அவனுக்கு விட்டுவைப்பாள்.

மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லுவார்: “கண்ணு பூத்துப்போற அளவுக்குத் திருத்தறான் என் மகன்.” அதைக் கேட்டுக்கொண்டே இவள் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்வாள்.

அவளுக்கென்று சில விதிகள் இருந்தன. பெயர் தெரியாதபடி முதல் பக்கத்தை மடித்துவிடுவாள். நல்லாப் படிக்கிற பிள்ளையின் பெயரைப் பார்த்ததும் கை தானாக இரண்டு மதிப்பெண் கூடப் போடுகிறது என்று முதல் வருஷமே கண்டுபிடித்திருந்தாள். நாற்பத்தெட்டுத் தாளிலும் முதல் கேள்வியை முடித்துவிட்டு, கட்டைக் கலைத்துப் போட்டு, அப்புறம்தான் இரண்டாம் கேள்வி. கடைசித் தாளுக்கே ஒவ்வொரு தடவையும் களைத்த கண் வாய்த்தால் அது யார் செய்த பாவம்? முப்பது பேர் ஒரே தப்பைச் செய்திருந்தால் அதைத் தனியாகக் குறித்து, “தப்பு புள்ளைங்க மேல இல்ல, நீங்க சொல்லிக்குடுத்ததுல இருக்கு. நாளைக்கு இதைத் திருப்பி நடத்துங்க” என்பாள். அவனும் நடத்துவான். அதற்கும் அவனுக்குத்தான் பெயர்.

இந்த வருஷம் பள்ளியில் ஒரு கணித ஆசிரியர் இடம் காலியானது. சிபாரிசு கிடையாது, பத்து விடைத்தாள் தருவோம், திருத்திக் காட்டுகிறவருக்கு வேலை என்று ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்த தலைமையாசிரியை, புலி சார் பக்கம் திரும்பி, “உங்க மிஸஸும் படிச்சவங்கதானே? விண்ணப்பம் போடச் சொல்லுங்க” என்றார். எல்லார் முன்னாலும் கேட்டதால் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு வகுப்பறை. அந்த ஆசையில் வாசலில் கேட்டதையெல்லாம் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடலாம் என்றுதான் படியிறங்கினாள். விட முடியவில்லை. அவன் வேலைக்கும் ஆபத்தாகிவிடக் கூடாதே.

தேர்வறையில் ஒன்பது பேர். எல்லாருக்கும் அதே பத்துத் தாள்களின் நகல். ஒரு மணி நேரம்.

முதல் இரண்டு தாளில் சொன்னபடியே டிக் போட்டாள். மூன்றாவது தாளில் ஒரு பெண் பிள்ளை கடைசி வரிவரை அருமையாக வந்து, கூட்டலில் சறுக்கியிருந்தாள். விடை தப்பு. பக்கத்து நாற்காலிக்காரர் சரக்கென்று சுழி போடும் சத்தம் கேட்டது. நான்காவது தாளில் வழியே இல்லை, விடை மட்டும் வானத்திலிருந்து இறங்கியிருந்தது. பக்கத்து நாற்காலியில் அதற்கு முழு மதிப்பெண் போய்க்கொண்டிருந்தது.

அவள் பேனா நின்றது. அப்புறம் முதல் தாளுக்குத் திரும்பிப் போனது. பக்கங்களை மடித்தாள். பத்திலும் முதல் கேள்வி, பிறகு பத்திலும் இரண்டாவது. ‘விடை சரி. எந்த வழியாக வந்தாய்? எனக்கும் காட்டு.’ ‘ஒரு மைனஸ் வண்டியிலிருந்து விழுந்துவிட்டது.’ மணி அடித்தபோதுதான் கணவன் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் கணவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். மேசையில் இடப்பக்கம் அவள் தேர்வில் திருத்திய பத்துத் தாள்கள். வலப்பக்கம் பத்தாம் வகுப்பின் போன மாதத் தாள்கள். இரண்டுக்கும் நடுவே அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று.

“ஒன்பது பேர்ல நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க. ரெண்டாவது ஆள் கிட்டக்கூட நெருங்கலை” என்றார் தலைமையாசிரியை. “ஆனா எனக்கு ஒரு சிக்கல் இருக்கும்மா. இதையும் அதையும் பாருங்க. ஒரே எழுத்து. ஒரே வாசகம். விழுந்த மைனஸ்கூட ஒண்ணு. தாள் முன்னாடியே உங்க கைக்கு வந்துச்சா, சார் வீட்ல திருத்திக் குடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களான்னு மத்த டீச்சருங்க கேட்கிறாங்க.”

அவள் நடுவிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். ‘மதிப்பீட்டுக் கையேடு.’ கீழே கணவன் பெயர். வரும் வருஷத்திலிருந்து அவன் பள்ளி முழுக்க மதிப்பீட்டுப் பொறுப்பாளர் என்பதும் கீழே இருந்தது. உள்ளே பன்னிரண்டு விதிகள். ஏழாவது: பசியோடு திருத்தக் கூடாது, மதிப்பெண் குறையும்.

அந்த விதியை அவள் எழுதியது மகள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது. ஒரு நாள் சாப்பிடாமல் திருத்திய எட்டுத் தாள்களைச் சாப்பிட்டபின் திரும்பப் பார்த்து, கை கூசிப்போய், தன் நோட்டில் குறித்துவைத்தது. அந்த நோட்டு அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து, உட்கார்ந்து படித்து, தட்டச்சுக்குக் கொடுத்து, திரும்பவும் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறான். மடிப்புக்கூடக் கலையாமல்.

“நீங்க சொல்லுங்க சார்” என்றார் தலைமையாசிரியை. “இது எப்படி?”

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். பாதி உண்மையாவது சொன்னால் போதும், மீதியை அவள் மன்னித்துக்கொள்வாள்.

அவன் தொண்டையைச் செருமினான். “மேடம், தாளெல்லாம் வெளியாகலை. அதுக்கு நான் பொறுப்பு. இவ வீட்ல நான் திருத்தும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பா. பார்த்துப் பார்த்து எழுத்துகூட என்னை மாதிரியே வந்துடுச்சு. ஆர்வம் ஜாஸ்தி. சுயமா யோசிச்சுத் திருத்தற அளவுக்கு இன்னும் வரலை. நான்தான் கட்டைப் பூட்டி வெச்சிருக்கணும். தப்பு என்னோடது.”

கடைசி வாக்கியத்தைப் பெருந்தன்மையாக, மனைவியைக் காப்பாற்றுகிற குரலில் சொன்னான்.

அவளுக்கு அழுகை வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். தலைமையாசிரியை தண்ணீர்க் குவளையைக்கூட நகர்த்தி வைத்தார்.

“புதுசாப் பத்துத் தாள் குடுங்க மேடம்” என்றாள் அவள். “யாருமே பார்க்காத தாள். ஏழாம் வகுப்பு ஆனாலும் சரி. இவரை அந்த ரூம்ல உட்கார வைங்க, என்னை இந்த ரூம்ல. ஒரு மணி நேரம். அப்புறம் யாரைப் பார்த்து யார் எழுதினாங்கன்னு நீங்களே மார்க் போடுங்க.”

கணவன் கைக்குட்டையைத் தேடினான். இரண்டு பையிலும் இல்லை.

தலைமையாசிரியை அவனை வெளியே காத்திருக்கச் சொன்னார். கதவு சாத்தியபிறகு அவர் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. “ரெண்டு ரூம் வேணாம்மா. முடிவு எனக்குத் தெரியும். மேசையில இந்தத் தாளைப் போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சா சரிதானே மேடம்.”

“எப்படிச் சரி? பதினோரு வருஷ மார்க் பட்டியல் உள்ள இருக்கு. எல்லாத்துலயும் உங்க வீட்டுக்காரர் ஒப்பம். இந்தப் பள்ளிக்கூடத்துல வேலையே பார்க்காத ஒருத்தங்க போட்ட மார்க்குன்னு வெளிய தெரிஞ்சா, பெத்தவங்க வந்து வாசல்ல நிப்பாங்க. எந்த மார்க் செல்லும், எது செல்லாதுன்னு நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“மார்க்ல ஏதாவது தப்பு இருந்துச்சா?”

“ஒண்ணுகூட இல்ல. அதான் சொல்றேன்.” தலைமையாசிரியை அவள் கையைத் தொட்டார். “நீங்க எப்பவும் போல வீட்லருந்தே பண்ணுங்க. புள்ளைங்களுக்கு நல்லது.”

விண்ணப்பத்தின் மேல் ‘தேர்வு செய்யப்படவில்லை’ என்று எழுதினார். காரணம் எழுதும் இடத்தில் ஒரு நொடி தயங்கிவிட்டு, ‘சொந்தத் திறன் போதவில்லை’ என்று முடித்தார்.

அன்று சாயங்காலம் அவன் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். கையில் கட்டு. நாற்பத்தாறு தாள். வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, “சனிக்கிழமைக்குள்ள முடிச்சாப் போதும், அவசரமில்லை” என்றான். மேசைக்கு எதிர்ப்பக்கம் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே போய் விளையாடச் சொன்னான்.

பிறகு மெதுவாகத் தொடங்கினான். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும், சொல்லியிருந்தால் வேலையே போயிருக்கும், நம்ம வீட்டு மானம் போயிருக்கும், நம்ம பொண்ணோட எதிர்காலம் போயிருக்கும் என்றான். ‘நம்ம’ என்ற சொல் அவன் பேச்சில் இத்தனை தடவை வந்து அவள் கேட்டதில்லை. அன்று காலைவரை வந்திருந்தால் நெகிழ்ந்திருப்பாள்.

அவள் வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவன் எட்டிப் பார்த்தான். பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியின் விண்ணப்பப் படிவம். வீட்டுக்கு வரும் வழியில் வாங்கியது.

முன் அனுபவம்: பதினோரு ஆண்டுகள். பணி: ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணித விடைத்தாள் மதிப்பீடு. ஆதாரம்: இவ்வூரில் பத்தாம் வகுப்பு முடித்த எந்தப் பிள்ளையின் வீட்டிலும் கேட்கலாம். இதை உறுதி செய்யக்கூடியவர் என்ற இடத்தில் அவன் பெயர், பதவி, தொலைபேசி எண்.

“இதை அனுப்பப் போறியா?”

“ம்.”

“அவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க.”

“பண்ணட்டும்.”

“நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். வேற வழியில்ல.”

“சொல்லுங்க” என்றாள். குரலில் கோபமே இல்லை. “இந்த ஊர்ல பதினாலு பள்ளிக்கூடம் இருக்கு, எண்ணிட்டேன். எல்லாத்துக்கும் போடப் போறேன். ஒவ்வொருத்தங்களும் கேட்பாங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க.”

அவள் எழுந்து கட்டைத் தூக்கி அவன் பக்கமாக வைத்துவிட்டு, திரும்பி வந்து படிவத்தை மடித்தாள்.

கடைசியில் அவனே கயிற்றை அவிழ்த்தான். மேலே இருந்த தாளை எடுத்தான். முதல் பக்கத்தில் பெயரைப் படித்தான், திருப்பினான், பேனா மூடியைத் திறந்தான். முதல் கணக்கை இரண்டு தடவை பார்த்தான். விடை தப்பு என்பது அவனுக்குத் தெரிந்தது. எங்கே தப்பு என்பது தெரியவில்லை.

“ஏம்மா, இந்தப் பையனுக்கு எத்தனை போடறது?”

அவள் இரண்டாவது உறையின் மேல் அடுத்த பள்ளியின் முகவரியை எழுதிக்கொண்டிருந்தாள்.