அண்ணாந்தால் சுற்றுகிறது

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப்போவதில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி மேல் தட்டை அண்ணாந்து பார்த்தால் போதும், கடையே சுழலும். அரை நிமிடம் ஏணியைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வலப்பக்கம் புரண்டு படுத்தாலும் அதே கதி. ஊருக்கு விற்கும் தலைசுற்றல் மாத்திரையை இரண்டு வருடம் தானும் விழுங்கினாள், நிற்கவில்லை.

(முதலில் எழுதிய தொடக்கம்: "கணவன் போன துக்கம் அவள் தலைக்குள் சுழன்று சுழன்று..." அடித்துவிட்டேன்.)

2
ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், கண்ணுகளா.

"ரத்தம் கம்மி," என்றார் முதல் டாக்டர், நிமிராமலே. "வயசு," என்றார் அடுத்தவர்.

"தனியா இருக்கீங்கல்ல அண்ணி, எல்லாம் மனசுதான்," என்றாள் நாத்தனார்.

"ஏன்டீ, என் மனசு வலப்பக்கம் படுத்தா மட்டும் சுத்துமா?"

கடை முதலாளி: "ஏணியிலேருந்து விழுந்து வெச்சீங்கன்னா நான்தான் அலையணும். இந்த மாசத்தோட நின்னுக்குங்கம்மா."

ஒருவராவது அவளைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தார்களா? நானும் யோக்கியமில்லை. கதை கனமாக இருக்கட்டும் என்று துக்கத்தை ஒட்டவைத்தேனே! அவள் துக்கம் அவளிடமே இருக்கட்டும். சுற்றவைத்தது காது.

3
"எந்தப் பக்கம் புரண்டா சுத்துது?" என்றார், கடைசியாக அவள் போய்ப் பார்த்த காது டாக்டரம்மா. இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. (இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அழுதேன். ஆத்திரத்தில்தான்.)

தலையை வலப்புறம் திருப்பி, கட்டில் விளிம்பில் பின்னால் தொங்கும்படி மல்லாத்தினார். அறை சுழன்றது.

"கண்ண மூடாதீங்க. அது துடிக்கறதத்தான் நான் பாக்கணும்."

உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம்பெயர்ந்து, தலை திரும்புவதை உணரும் குழாயில் விழுந்துவிட்டதாம். சுழற்சி அடங்கியதும் தலையை இடப்புறம் திருப்பினார், பிறகு உடம்பையும் புரட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி வைத்தார், பிறகு உட்காரவைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்போல.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். திரும்ப வரலாம். வந்தா வாங்க, மறுபடி இதே மாதிரி செஞ்சுடலாம்."

"ரெண்டு வருஷம், டாக்டர்!"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டார்.

4
முடிவுக்கு வருவோம். எழுதிப் பார்த்த முடிவு ஒன்றில் முதலாளி மன்னிப்புக் கேட்டார். நம்புவீர்களா? கிழித்தேன். இன்னொன்றில் அவள் வேறு கடைக்குப் போய்... அவள் ஏன் போகவேண்டும்?

மாதத்தின் கடைசி நாள். ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்து அண்ணாந்து பார்க்கிறாள். ஒவ்வொரு டப்பாவும் அதனதன் இடத்தில் நிற்கிறது.

"எறங்குங்கம்மா. சொன்னது சொன்னதுதான்."

"ஒரு தடவையாவது விழுந்தேனா முதலாளி? காது சரியாயிடுச்சு. ஏறவா, போகவா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பதிலை நான் எழுதமாட்டேன். எனக்கிருக்கும் ஆத்திரத்தில் அவர் வாய்க்கு நியாயமான சொல் எதுவும் வராது. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம், கண்ணுகளா. ஏணியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அவள் எவ்வளவு நேரம்தான் நிற்பாள்?