அரைவார்த்தை மாமா பேசிய கல்யாணம்

தங்கையின் கல்யாணத்தன்று காலையில், "எல்லாரும் எழுந்திரிங்க!" என்று கத்துவதற்காக மைக்கு அக்கா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். எண்ணெய் காணாத கதவு திறப்பதுபோல் ஏதோ ஒரு சத்தம் வந்து, அதுவும் பாதியில் நின்றுபோனது.

அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யார் பையைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்பது அவள் குரல்தான். வீட்டுக்கு வந்தாலும் அது ஓயாது. சமையலறையில் அவள் கேள்வி கேட்டால் மாடிப்படியில் போகிற அந்நியர்கள் பதில் சொல்வார்கள். முந்தின சாயங்காலம் மண்டபத்தில் விளக்கு கட்டுகிறவர்களோடும் நாற்காலி இறக்குகிறவர்களோடும் கத்தித் தீர்த்ததில், தொண்டை இன்று கையை விரித்துவிட்டது.

அம்மா இல்லாத வீடு. சின்னவளின் கல்யாணத்தைத் தலையில் போட்டுக்கொண்டவள் அக்காதான். மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவர். இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொள்ளும் கல்யாணம். அது நல்லபடி நடக்க வேண்டும் என்று, போன இடத்து விசேஷங்களில் எல்லாம் எது எது சொதப்பியது என்று பார்த்து வைத்து, அக்கா தனக்கென்று சில சட்டங்கள் போட்டிருந்தாள். பெண் வெறும் வயிற்றோடு மேடை ஏறக் கூடாது. புதுச் செருப்பை முன்கூட்டியே வீட்டுக்குள் போட்டு நடந்து பழக வேண்டும். படம் எடுக்கிறேன் பேர்வழி என்று வந்தவர்களை வெயிலில் காய வைக்கக் கூடாது. மழை வந்தால் எங்கே போவது என்பதை வெயில் அடிக்கும்போதே யோசித்து வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொஞ்ச நேரம் ஓர் அறையில் தனியே விட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு ஊரார் முகத்தை எல்லாம் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று வீட்டுக்காரர்கள் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. "கண்ணால பாருங்க, போன்ல பாக்காதீங்க. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்று முந்தின நாளே எல்லாப் போன்களையும் ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவியோடு வெளியூர் போயிருந்தார்கள். ஆக, இன்றைய நாளின் எல்லா விவரமும் ஒரே ஒரு தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்கு வாய் இல்லை.

"அக்கா, அடுத்து என்ன?" ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தாள் சின்னவள். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன முழிக்கிறே? சொல்லு!"

அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினாள்.

"விளையாடாதே."

அக்கா கண்ணில் தண்ணீர் முட்டியது. சின்னவளின் சிரிப்பு வடிந்தது. "ஐயோ! அப்பா, இங்க வாங்க! அக்காவுக்குப் பேச்சு வரல!"

அப்பா அரைக்கை சட்டையும் லுங்கியுமாக ஓடி வந்தார். அக்கா ஒரு பேனாவைத் தேடிப் பிடித்து, பரிசுப்பொருள் சுற்றி வந்த தாளில், 'முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள்' என்று எழுதி நீட்டினாள். அப்பா கண்ணாடி போடாமல் அதைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"முதல்ல அவளைச் சாய வைக்கணுமாம்மா. எதுக்கு? மயக்கமா வருது?" என்று சின்னவளைச் சோபாவில் தள்ளி, தலைக்குத் தலையணை வைத்து, விசிற ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அக்காவின் கணவர் வெந்நீர் டம்ளரோடு உள்ளே வந்தார். நூலகத்தில் வேலை பார்க்கிறவர். சத்தம் போடுகிறவர்களை விரலை உதட்டில் வைத்து அடக்கியே பழகிப்போன மனிதர். வீட்டில் கேட்கவே வேண்டாம். "ம்", "சரி", "பாக்கலாம்" இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே குடும்பம் நடத்திவிட்டார். பாதி வார்த்தைக்கு மேல் பேச மாட்டார் என்பதால் மாமனார் வீட்டில் அவருக்கு அரைவார்த்தை என்று பெயர். அவருக்கும் அது தெரியும், அதற்கும் "ம்"தான்.

டம்ளரை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் புருவம் ஒருமுறை ஏறியது. உதடு இரண்டு முறை அசைந்தது. கை சமையலறைப் பக்கம் போய் வந்தது.

"சின்னவளே, எழுந்திரு" என்றார். "ரொட்டியும் பழமும் மூடி வச்சிருக்கா. அதைத் தின்னுட்டுத்தான் தலை வாரணுமாம். தலைக்குப் பூ வைக்கிற அம்மா வழியில இருக்காங்க, வந்ததும் அவங்களுக்கும் டீ கொடுக்கணும், அவங்களுக்குப் பசி வந்தா ஊசியைத் தலையில குத்திடுவாங்களாம். மாமா, கல்யாணத்துக்குப் போடற உங்க சட்டை கதவுக்குப் பின்னாடி தொங்குது. கண்ணாடி அந்தச் சட்டைப் பையிலயே இருக்கு."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"மாமா," என்றாள் சின்னவள், "அவ இதெல்லாமா சொன்னா?"

"சொன்னாளே" என்றார் அவர், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல.

ஆமாம் என்று அக்கா தலையை வேகமாக ஆட்டினாள். ஊசி விஷயம் மட்டும் அவள் சொல்லவில்லை. நினைத்தாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீடு பறந்தது. அக்கா புருவத்தை உயர்த்தினால் அவர் குரல் கொடுத்தார், அவள் விரலைச் சொடுக்கினால் அவர் ஆளை அனுப்பினார். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பேச்சு நன்றாகச் சூடு பிடித்துவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் பெரிய புல்வெளி. அங்கேதான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நடுவே வழி விட்டு, முன்னால் சின்ன மேடை கட்டியிருந்தார்கள். மேடையில் ஒரு மைக் நின்றது. அக்கா அதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் போய் நின்றாள். பிறகு நினைவு வந்து, கணவரின் தோளைப் பிடித்து அதன் முன்னால் நிறுத்தினாள்.

அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "ம்," என்றார். புல்வெளி முழுக்க அந்த "ம்" உருண்டு போனது. அந்தச் சத்தம் அவருக்கே பிடித்துப்போனது தெரிந்தது.

"வந்தவங்க எல்லாருக்கும் வணக்கம். நிழல்ல உக்காருங்க. தண்ணி வலப்பக்கம். படம் எடுக்கிற தம்பி, பெரியவங்களை நிக்க வைக்காதீங்க, நீங்க அவங்க இருக்கிற இடத்துக்குப் போய் எடுங்க. இதை நான் சொல்லல, என் வீட்டுக்காரம்மா சொல்றாங்க. அதனால கேட்டுக்கறது நல்லது."

சிரிப்பு எழுந்தது. அவர் காது சிவந்தது, ஆனால் மைக்கை விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா இறங்கியதும் வானத்தைப் பார்த்து, "அருமையான வெயில்!" என்றார். அக்காவும் பார்த்தாள். மண்டபத்துக் கூரைக்குப் பின்னால், மேற்கில், ஒரு மேகம் கருத்துத் திரண்டுகொண்டிருந்தது. ஓடிப்போய் மேடையில் கணவரின் கையைப் பிடித்தாள். ஒரு கையால் மேகத்தைக் காட்டினாள், இன்னொரு கையால் நாற்காலிகளையும் மண்டபத்தின் கதவையும் காட்டினாள்.

"இப்பவேவா?" என்றார் அவர்.

அவள் முறைத்தாள்.

"பெரியோர்களே," என்றார் அவர் மைக்கில், "கல்யாணம் உள்ளே நடக்கும். ஆளுக்கொரு நாற்காலி. உங்க நாற்காலியை நீங்களே தூக்கிட்டு வாங்க. தூக்க முடியாதவங்க பக்கத்துல இருக்கிற பலசாலியைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிங்க, அது போதும்."

"வெயில் இப்படிக் கொளுத்துது, எதுக்கு உள்ளே?" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் முனகினார். ஆனால் அதற்குள் கல்யாணமே ஊர்வலமாக மாறியிருந்தது. கோட்டுப் போட்டவர்கள் தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளையே இரண்டு நாற்காலியோடு ஓடினார். "டேய், உடுப்பு கசங்கும்!" என்று அவர் அம்மா கத்த, "கசங்கட்டும்மா!" என்று அவர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். அதுவரை இந்தப் பக்கம் ஒரு கும்பலாகவும் அந்தப் பக்கம் ஒரு கும்பலாகவும் விறைப்பாக நின்ற இரண்டு வீட்டாரும், கதவருகே நாற்காலிக் கால்கள் சிக்கிக்கொண்டு, பிரிக்க முடியாமல் சிரித்துச் சிரித்து ஒட்டிக்கொண்டார்கள்.

கடைசி நாற்காலி உள்ளே வந்து வெகுநேரம் ஆகியும் மழை வரவில்லை. முனகினவர் ஜன்னலைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

சின்னவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் மாப்பிள்ளைக்கு எதிரே போய் நின்ற அதே நேரத்தில் கொட்டத் தொடங்கியது. மண்டபத்தின் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் தும்மினாலும் கேட்காது. முனகினவர் கைதட்டினார். அடுத்த நொடி மின்சாரம் போய், உள்ளே கொண்டுவந்து வைத்திருந்த மைக் செத்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் சொல்லப்போகும் உறுதிமொழியைத் தாங்களே யோசித்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அவர் உதடு அசைவதுதான் தெரிந்தது.

"கேக்கலை!" என்றது பின்வரிசை.

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் எதுவும் காட்டவில்லை, அதற்குள் அவர் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் நடுவே, சற்றுப் பின்தள்ளி நின்றுகொண்டார். "சகலை, நீங்க சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளையிடம். "நான் வெளியே அனுப்புறேன்."

மாப்பிள்ளை சொன்னார். நூலகத்து மனிதர் மார்பு நிறைய மூச்சிழுத்து, கூரை மழையை முட்டித் தள்ளுகிற குரலில் கூவினார்:

"கண்ணாடி அறுக்கும்போது இவர் கை நடுங்காதாம்! இன்னிக்கு நடுங்குதாம்!"

மண்டபம் ஆர்ப்பரித்தது.

"இவ கோவமா இருந்தாலும் பக்கத்து அறைக்குப் போய் ஒளிஞ்சுக்க மாட்டாராம்!"

இப்போது சின்னவள் முறை. அவள் மாமாவின் காதருகே குனிந்து சொன்னாள்.

"சண்டை போட்டா சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சுடுவாளாம்! எந்தச் சாப்பாடுன்னு இப்ப சொல்ல முடியாதாம்!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சின்னவள் அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவள் உதடு நின்றது. மாமா காத்திருந்தார். கூட்டம் கழுத்தை நீட்டியது.

"அழுறா," என்று அறிவித்தார் அவர். "கொஞ்சம் பொறுங்க."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். மாமா அதைக் கேட்டு நிமிர்ந்தார். இந்த முறை கூட்டத்தைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் இருந்த தன் மனைவியைப் பார்த்தார்.

"நீ பேசாட்டாலும் எனக்குக் கேக்கும்!"

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா, "உங்க தங்கச்சி எவ்வளவு அழகா சொல்லிட்டா!" என்று அவள் முழங்கையை இடித்தார். தங்கைதான் சொன்னாள் என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் இது தன் கல்யாணத்தன்று அவளுக்குக் கிடைக்காத வார்த்தை. மழைச் சத்தத்துக்கு மேலே, அத்தனை பேர் முன்னால், இப்போதுதான் வந்து சேர்ந்தது.

மோதிரம் மாற்றி, கையெழுத்துப் போட்டு, கைதட்டல் ஓய்வதற்குள் சட்டம் நினைவுக்கு வந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் அக்கா. காவலுக்கு அப்பாவை நிறுத்தினாள். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. நினைவுபடுத்திக்கொள்ளவும் தோன்றவில்லை. யாரோ அவளை உட்கார வைத்துத் தட்டை மடியில் கொடுத்தார்கள். சூடாக இருந்தது, முழுக்கச் சாப்பிட்டாள். காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எதிரே கணவரைச் சுற்றி ஒரே கும்பல். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்கும் அவர்தான் வந்து பேச வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மழை விட்டது. யாரோ பின்கதவைத் திறந்தார்கள். புல்வெளி முழுக்கத் தண்ணீர் மினுங்கியது. பின்னறையிலிருந்து சின்னவளும் மாப்பிள்ளையும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள், நேராகக் கதவைத் தாண்டினார்கள், செருப்பை உதறிவிட்டு ஈரப்புல்லில் குதித்தார்கள். "அக்கா! வா! பாட்டு யாராவது பாடுங்க!" என்று சின்னவள் அங்கிருந்து கூவினாள்.

உடுப்பின் ஓரத்தில் சேறாகிவிடும், படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு, கும்பலுக்குள் கையை விட்டுக் கணவரை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள்.