அடுத்த இத்தாலிக் கடை

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். காய்கறிக் கடையில் நின்று நின்று அப்படி ஆகிவிட்டது. தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறவர்களிடம், "வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள், தம்பிக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த அன்றே கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைய ஆரம்பித்தாள்.

தம்பி கார் ஓட்டச் சொல்லித்தரும் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவன், ஒருத்தரையும் அதட்டியதில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு எல்லாமே அக்காதான்.

ஸ்கேன் எடுக்கப் போன ஊரில்தான் அந்த முதல் கடை. காரம் பட்டாலே தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். காரமே இல்லாமல் என்ன கிடைக்கும் என்று அக்கா தெருவில் போகிறவர்களையெல்லாம் மறித்துக் கேட்க, ஒருத்தர் ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக் கடையைக் கை காட்டினார். அங்கே சீஸ் போட்டுக் குழைய வேகவைத்த சோறு ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். ரிசொட்டோவாம். தம்பி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டான்.

"ஒரு வாய் சாப்ட்டுப் பாருக்கா."

"ஆளை விடு சாமி. இந்த வாடைக்கே எனக்குக் குமட்டுது."

சீஸ் என்றாலே அவளுக்கு ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் சாப்பிடுவதையே பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. சமைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

அதன்பிறகு கதிர்வீச்சு சிகிச்சைக்கு, அக்கா பாஷையில் கரண்டு வைக்க, இந்தப் பெரிய ஊருக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. சில வாரத்திலேயே தம்பியின் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. எடை பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். திங்கட்கிழமை மறுபடி பார்ப்போம், இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்கணும் என்றார்.

தம்பி அறைக்கு வந்ததும் சொன்னான். "குழாய் போட்டாங்கன்னா நான் ஊருக்கு வண்டி ஏறிடுவேன்க்கா. வைத்தியமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அவன் பேச்சுக்குச் சொல்கிறவன் இல்லை. பாதியில் விட்டால் கட்டி சும்மா இருக்குமா?

"அன்னிக்கு சாப்ட்ட மாதிரி ஒரு தட்டு கிடைச்சா சாப்பிடுவியா?"

"அது கிடைச்சா சாப்பிடுவேன்."

அவ்வளவுதான், அக்கா கிளம்பிவிட்டாள். இந்த ஊரில் இத்தாலிக் கடைகளுக்குப் பிடித்தது சனியன். ஒரு கடையில் அடிப்பிடித்துக் கருகியதையே தட்டில் போட்டுவைத்தார்கள். அதை அவளே கண்ணால் பார்த்தாள், விடுவாளா? இன்னொரு கடையில் தம்பி இரண்டு வாய் வைத்துவிட்டுக் கசக்கிறது என்றான். அதற்கடுத்ததில் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறதாம். பரிமாறுகிறவன் பயந்துபோய், சீஸ் புதுசா வந்தது, அதனால இருக்கும் என்று இழுத்தான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சீஸ் மேல பழியப் போடாத. நோயாளி சாப்பிடற சோறுப்பா இது."

தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். சண்டை போட்டபோது அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது. அறைக்குத் திரும்பி, ஆறிப்போன கஞ்சியைக் கீழே கொட்டும்போது அது போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன கடைக்குப் போனார்கள். இந்த ஊரில் மிச்சமிருந்த ஒரே இத்தாலிக் கடை அதுதான். ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் நாலே மேசை. சமையல்காரரே வெளியே வந்து விசாரித்தார். எவ்வளவு குழைய வேகணும், எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்டுப் போய், கஞ்சிப் பதத்தில் ஆக்கி, ஆறவைத்து, தன் கையாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

தம்பி ஒரு ஸ்பூன் எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று. பிறகு ஸ்பூனை வைத்துவிட்டான்.

"இங்கயும் சரியில்லக்கா. வெறும் மண்ணு."

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "கூப்பிடுங்க அந்த ஆள" என்று எழுந்தாள். வாய் இனிக்கப் பேசிவிட்டு இப்படியா செய்வான்? ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுக் கேட்டால்தான் கேள்வி நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் தட்டிலிருந்து ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டாள்.

வெண்ணெய் மணந்தது. உப்பு அளவாக இருந்தது. சோறு நாக்கில் கரைந்து, தானாகத் தொண்டைக்குள் இறங்கியது. சீஸே ஆகாதவளுக்கு இன்னொரு ஸ்பூன் எடுக்கலாமா என்றிருந்தது.

இரும்பும் மண்ணும் சோற்றில் இல்லை, கரண்டு வைத்த தம்பியின் நாக்கில்தான் என்று அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்?

சமையல்காரர் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். "நல்லா இருக்கா மேடம்?"

தம்பியும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படிக்கா இருக்கு?" என்றான். அவன் குரலில் என்றுமில்லாத பயம் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் நாக்குதான் போய்விட்டது என்று தெரிந்து அவன் இன்றைக்கே வண்டி ஏறிவிடுவான். குற்றம் சமையல்காரன் மேல் இருக்கும்வரைதான் அடுத்த கடை என்று ஒன்று இருக்கும்.

"சரியில்லப்பா. வாயில வைக்க முடியல" என்றாள் அக்கா, சமையல்காரரின் முகத்தைப் பார்க்காமல்.

"வேற செஞ்சு தரட்டுமா மேடம்?" அந்த மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம்."

தம்பி பெருமூச்சு விட்டான். "நான் சொன்னேன்ல. வேற கடை இருக்காக்கா?"

"இருக்குடா. இந்த ஊர்ல இத்தாலிக் கடைக்கா பஞ்சம்? ஒரு கடை இருக்கு, பிரமாதமா செய்வாங்களாம். வா."

அவன் தெம்பாக எழுந்தான். அக்கா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தெருவுக்கு வந்ததும் எந்தப் பக்கம் என்று அவன் கேட்டான். அவள் வழி தெரிந்தவள்போல இடதுபக்கம் திரும்பி நடந்தாள்.